துணையாள் சீட்டு

சங்கரன்கோவில்
9.6.1978

ஞானபூரணத்துக்கு,

அறையில் நான் விட்டுவந்த பொருட்களை அனுப்பிவைக்க வேண்டும். அலமாரியின் மேல் தட்டில் அறுவை மருத்துவப் புத்தகங்கள் இரண்டு, ஸ்டெதாஸ்கோப், என் தலையணை உறை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் வெள்ளைக் கோட்டு. ரயில் பார்சலில் போட்டால் போதும். இங்கே ஸ்டேஷனில் அப்பாவுக்குத் தெரிந்தவர் இருக்கிறார்.

உத்தரவு மூன்றாம் தேதி வந்தது. ஆறு மாத இடைநீக்கம். அதுவரை கல்லூரி, விடுதி, ஆஸ்பத்திரி எதற்குள்ளும் கால் வைக்கக் கூடாது. திரும்பி வந்தபின் ஓராண்டு புரொபேஷன். தினமும் காலையில் துணை முதல்வர் அறையில் கையெழுத்துப் போட வேண்டும். காரணமும் எழுதியிருக்கிறார்கள். அறுவைப் பிரிவில் பதினோராம் கட்டில் நோயாளி பேச்சித்தாயிடம் அனுமதியின்றி நோய் விவரம் கூறி, அவர் சிகிச்சை பெறாமல் வெளியேறக் காரணமாக இருந்தேன். சாட்சி, உடன் பணியிலிருந்த மாணவி ஞானபூரணம்.

அப்பா தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தர் என்பது உனக்குத் தெரியும். உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு, “எங்க ஆபீஸ்ல சஸ்பெண்ட் ஆனா பாதிச் சம்பளமாவது வரும். உனக்கு அதுவும் இல்லையே பிள்ள” என்றார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அம்மா தெருவில் ஸ்டடி லீவு என்று சொல்லி வைத்திருக்கிறாள். யாரும் நம்பவில்லை. யாரும் மறுத்துக் கேட்கவும் இல்லை.

நீ சொன்னது பொய் என்று நான் எழுதவில்லை. ‘நான் கவனிக்கவில்லை’ என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம்.

பதில் வேண்டாம். பொருட்கள் வந்தால் போதும்.

சு. சங்கரவடிவு


மகளிர் விடுதி, அறை 14
15.6.1978

வடிவு,

பதில் வேண்டாம் என்றாய். பார்சலுக்குள் ஒரு தாள் வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் வைக்கிறேன்.

புத்தகம் இரண்டும் இருக்கின்றன. ஸ்டெதாஸ்கோப்பைத் தலையணை உறைக்குள் சுற்றியிருக்கிறேன். கோட்டு மட்டும் இல்லை. மடிக்க எடுத்தபோது பையில் ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. பழைய தினசரித் தாளில் கொஞ்சம் செம்மண். இது என்ன? எறியலாமா, கூடாதா? தெரியாததால் கோட்டை மறுபடி ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

விசாரணையைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அன்று சாயங்காலம் சங்கரவடிவு அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பேசினாரா என்றார்கள். ஆம் என்றேன். என்ன பேசினார் என்று காதில் விழுந்ததா என்றார்கள். விழுந்தது என்றேன். அந்த அம்மாள் உன்னிடம் உங்கள் ஊர் கோமதி அம்மன் மேல் சத்தியமாகச் சொல் என்று கேட்டாள். என்னிடம் யாரும் எந்தச் சத்தியமும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லிவிட்டேன். வெளியே வந்து அரை மணி நேரம் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். யாருடைய சைக்கிளும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று. ஜூலை பதினைந்துக்குள் நீ மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் இடைநீக்கத்தை மூன்று மாதமாகக் குறைப்பார்களாம். செப்டம்பரில் வந்துவிடலாம். வருகைப்பதிவு எப்படியாவது சரிக்கட்டி எங்களோடு தேர்வு எழுதலாம். வாசகம் அவர்களே டைப் செய்து கொடுத்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். ‘அறியாமையால் நோயாளியிடம் தவறான தகவல் கூறினேன்.’ கையெழுத்துப் போடு. நீ போட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போடு.

பூரணம்


சங்கரன்கோவில்
22.6.1978

பூரணம்,

பொட்டலத்தை எறிய வேண்டாம். அது எங்கள் கோவில் புற்றுமண். உடம்பில் கட்டி, புண், படை எது வந்தாலும் இங்கே முதலில் அதைத்தான் குழைத்துப் பூசுவார்கள். பேச்சித்தாய் அக்கா ஒரு வருடம் பூசிப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். சிஸ்டர் அதைக் குப்பையில் போடச் சொன்னபோது, வீட்டுக்குப் போகும்போது தருகிறேன் என்று நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பொட்டலத்தைப் பார்த்துத்தான் அவள் எங்கள் ஊர் என்றே எனக்குத் தெரிந்தது. விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றுகிறவள். தறிக்கு வேண்டிய ஊடை நூலைக் குச்சியில் சுற்றித் தருகிற வேலை.

மறுநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது உனக்குத் தெரியும். எங்கள் ஊரில் கோமதி பேரைச் சொல்லிக் கேட்டுவிட்டால் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். இதை நான் பக்தி என்று சொல்ல மாட்டேன். வருடத்தில் இரண்டு முறை கோவிலுக்குப் போகிறவள் நான். இது அதற்கும் முன்பே உடம்பில் ஏறிவிட்ட பழக்கம். “கட்டிய மட்டுந்தான் எடுக்காவளா?” என்று கேட்டாள். கேன்சர் என்றும், மார்பை முழுவதுமாக எடுப்பார்கள் என்றும் சொன்னேன். அந்த நேரத்தில் டிரெஸ்ஸிங் டிராலிக்கு சிஸ்டர் கூப்பிட்டார். எழுந்து போனேன்.

பிறகு வந்து மிச்சத்தைச் சொல்லலாம் என்றிருந்தேன். நோய் பரவும் முன் எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு, அதற்காகத்தான் எடுக்கிறார்கள் என்பது அந்த மிச்சம். காலையில் ஆறு மணிக்குக் கட்டில் காலியாக இருந்தது.

தகவல் தவறில்லை, பூரணம். அதனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட முடியாது. நான் செய்த தவறு வேறு. பாதி சொன்னேன். அதைக் குற்றம் என்று யாரும் எழுதவில்லை.

கேஸ் ஷீட்டில் இருந்த முகவரி ஞாபகம் இருக்கிறது. வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. அந்தத் தெரு முனை வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன்.

வடிவு


அறை 14
28.6.1978

வடிவு,

திரும்பி வந்ததை எழுதுவதற்கா தபால்தலை?

நேற்று ரவுண்ட்ஸில் சீஃப் அய்யாத்துரை பதினோராம் கட்டிலில் நின்றார். அதில் இப்போது ஒரு குடலிறக்க நோயாளி. அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, அந்தப் பழைய பதினொன்று எங்கே போயிற்று என்றார். தெரியாது என்றேன். நான்கு சென்டிமீட்டர் கட்டி, அக்குளில் நெறி கட்டியிருக்கிறது, ஆனால் அது விரலுக்கு இன்னும் அசைகிறது என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். “அசையற வரைக்குந்தாம்மா நமக்கு டயம்” என்றார். இரண்டு மாதம், அதிகம் போனால் மூன்று. ஏற்கெனவே ஒன்றரை மாதம் போய்விட்டது.

என்மேல் உனக்குக் கோபம் இருக்கட்டும். ஒன்றை மட்டும் யோசித்துப் பார். ஒருத்தி கேட்டாள், நீ உள்ளதைச் சொன்னாய், அவள் எழுந்து போய்விட்டாள். மூன்று பேர் கேட்டார்கள், நான் உள்ளதைச் சொன்னேன், நீ போய்விட்டாய். நீ செய்தது சரி, நான் செய்தது துரோகம் என்றால் எந்தக் கணக்கில் என்று எனக்குப் புரியவில்லை. சண்டைக்காக எழுதவில்லை. உன் கடிதத்தில் நீயே பதிலை எழுதியிருக்கிறாய். நானும் பாதிதான் சொன்னேன். நீ ஏன் சொன்னாய் என்று அவர்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாம்.

தெரு முனையைத் தாண்டிப் போ.

பூரணம்


சங்கரன்கோவில்
10.7.1978

அன்புள்ள பூரணத்துக்கு,

போனேன்.

வீட்டில் அவள் கணவர் இசக்கிப்பாண்டி அண்ணாச்சிதான் இருந்தார். நைட் ஷிப்ட் தறிக்காரர், தூங்கி எழுந்த முகம். நான் யார் என்று சொன்னதும் உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் தன்னோடு பேசுவதில்லை, சோறு மட்டும் வைக்கிறாள் என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். கூடத்துக்கு வழி காட்டினார்.

விசைத்தறிக் கூடத்துக்குள் நீ போனதில்லை. பதினாறு தறி ஒரே நேரத்தில் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது வாய் அசைவாகத்தான் தெரியும். கோடியில் தார் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்தவில்லை. காதருகே குனிந்து கத்த வேண்டியிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கத்தினேன். கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். அன்றைக்கு நான் பாதியில் எழுந்து போய்விட்டேன் என்று கத்தினேன். கையால் நூலைக் காட்டி, அறுந்துவிடும் என்று சைகை செய்தாள். கடைசியில் தொண்டை கிழிய, “ஆபரேஷன் பண்ணினா பிழைக்கலாம்க்கா” என்றேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. பதினாறு தறியும் நின்றன. என் குரல் மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் அவள் விஷயத்தை அவளைக் கேட்காமல் ஊருக்குச் சொல்லிவிட்டேன். பேச்சித்தாய் அக்கா கையிலிருந்த தாரை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“நல்லதாப் போச்சு. இனும ஒருத்தருக்கும் மறைக்க வேண்டாம்” என்றாள்.

வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனாள். பயந்து ஓடிவிட்டாள் என்றுதானே நாம் எல்லாரும் நினைத்தோம். உத்தரவில்கூட அப்படித்தான் இருக்கிறது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நீ சொன்னதுக்காக நான் ஓடல பிள்ள. பெரிய டாக்டருக்குத் தெரியும். நர்சுக்குத் தெரியும். எம் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சு ஆபரேசனுக்குக் கையெழுத்தும் போட்டுட்டாரு. அறுக்கப்போறது என்னய. நீ சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையே. அந்தக் கோவத்துல எந்திரிச்சு வந்துட்டேன்.”

மிச்சப் பாதியை முழுவதும் சொன்னேன், எனக்குத் தெரிந்தவரை. தெரியாததைத் தெரியாது என்றேன். எத்தனை வருடம் என்று கேட்டாள். அது எனக்குத் தெரியாது என்று சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது போலிருந்தது. நீ அங்கே இருப்பாய்தானே என்றாள். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்குள் வரக் கூடாது என்றேன். ஏன் என்றாள். சொன்னேன்.

பிறகு இப்படிச் சொன்னாள்: “பெரிய டாக்டரு எங்கிட்ட நேருல சொல்லணும். துணைக்கு நீ வரணும். ரெண்டும் நடந்தா தபசு பாத்துட்டு வாரேன். இல்லைன்னா இங்கனயே கெடக்கேன்.”

கோமதி அம்மனின் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. இன்னும் பத்து நாள். நான் என்ன செய்ய?

வடிவு


அறை 14
14.7.1978

வடிவு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. மத்தியானம் சீஃப் அறைக்குப் போனேன். உள்ளே போகும் முன் மூன்று முறை முகம் கழுவினேன்.

முழுவதும் சொன்னேன், இந்தத் தடவை பாதியில் விடவில்லை. உன்னைப் பற்றியும் அந்த அம்மாள் சொன்னதையும். நோயாளிக்குச் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை அவர்தானே வைத்திருக்கிறார். பேனாவை மூடி, திறந்து, மூடினார். முப்பது வருடத்தில் ஒரு நோயாளியும் தன்னிடம் இப்படி நிபந்தனை வைத்ததில்லை என்றார். திங்கட்கிழமை இருபத்து நான்காம் தேதி அட்மிட் ஆகட்டும் என்றார். நீ வருவதைப் பற்றிக் கேட்டபோது, “துணைக்கு யாருன்னு நோயாளிதான் சொல்லணும். நானா சொல்ல முடியும்?” என்றார்.

சந்தோஷப்பட்டுவிடாதே. சீஃப் கண்டுகொள்ள மாட்டார். துணை முதல்வர் கண்டுகொள்வார். பெண்கள் வார்டில் துணையாள் சீட்டு எழுதும் பதிவேடு வாரம் ஒரு முறை அவர் மேசைக்குப் போகிறது. இடைநீக்கக் காலத்தில் உள்ளே வந்தால் அது ஓராண்டாகும்; விதிப் புத்தகத்தை நூலகத்தில் நானே எடுத்துப் பார்த்தேன். நீ எங்களோடு தேர்வு எழுத முடியாது. ஜூனியர்களோடு உட்காருவாய். இடைநீக்கம் முடியும்வரை நீ உள்ளே வர மாட்டாய் என்று உன் அப்பா பாண்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நாளைதான் மன்னிப்புக் கடிதத்துக்குக் கடைசி நாள். இது உன் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். முன்னால் அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் நல்லது. போட்டிருக்க மாட்டாய்.

வேறு பெயரில் சீட்டு வாங்கலாம். உன் அத்தை மகள் பெயர், ஏதாவது. சொல்லிவிட்டேன். இனி நீ யோசி.

பூரணம்


சங்கரன்கோவில்
19.7.1978

அன்புள்ள பூரணத்துக்கு,

மன்னிப்புக் கடிதம் பன்னிரண்டாம் தேதியே அனுப்பிவிட்டேன், அவர்கள் வாசகத்தில் அல்ல. ‘நோயாளியிடம் நான் கூறியது உண்மை. அனுமதியின்றிக் கூறியது விதிமீறல். பாதி கூறிவிட்டு எழுந்து போனது தவறு. முதலாவதற்கு வருந்தவில்லை, மற்ற இரண்டுக்கும் வருந்துகிறேன்.’ இதற்கு மூன்று மாதம் குறைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

துணைக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். ஆபீஸ் புறப்படுகிற நேரம். குடையைத் திரும்பச் சுவரில் சாய்த்தார். மகள் சீக்கிரம் டாக்டராகிவிடுவாள் என்று ஆபீசில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறவர்.

“பாண்டுல கையெழுத்துப் போட்டது நான். மீறப்போறது நீ. சரி” என்றார். குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, “பேர மாத்திக் குடுத்துராத. அது ஒண்ணுதான் நான் சொல்லுதது” என்றார்.

எனவே சீட்டில் என் பெயர்தான் இருக்கும். வார்டில் உன்னோடு பேச மாட்டேன். நீயும் பேசாதே, உனக்கும் ஒரு உத்தரவு எழுதிவிடுவார்கள்.

இன்று தபசுக் கூட்டம் தேரடி வரை நிற்கிறது. பேச்சித்தாய் அக்காவைக் கூட்டத்தில் பார்த்தேன். கணவர் இரண்டடி பின்னால் வந்தார். இப்போதும் பேசவில்லை போலிருக்கிறது, ஆனால் அவர் கையில் அவளுடைய பை இருந்தது.

வடிவு


வார்டு
27.7.1978

வடிவு,

டெம்பரேச்சர் சார்ட்டின் பின்பக்கம் எழுதுகிறேன். உன் சாப்பாட்டுத் தூக்கின் மூடிக்கு அடியில் வைக்கிறேன்.

நாளை ரவுண்ட்ஸில் சீஃப் சொல்வார். மணி அடித்ததும் துணையாட்களை வெளியே அனுப்புவார்கள். பதினோராம் கட்டிலின் ஜன்னல் வராந்தாப் பக்கம். அங்கே நில்.

நீ தரையில் படுத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு என்னவோ போலிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் தலை இடிக்காமல் எழுந்திரு.

பூரணம்


சங்கரன்கோவில்
21.8.1978

அன்புள்ள பூரணத்துக்கு,

உத்தரவு சனிக்கிழமை வந்தது. ஓராண்டு. அடுத்த ஜூனில் ஜூனியர்களோடு சேர வேண்டும், அதன்பின் ஓராண்டு புரொபேஷன். அப்பா அதைக் கோப்பில் துளையிட்டுக் கட்டினார். அம்மா ஸ்டடி லீவை நீட்டித்துவிட்டாள்.

வார்டில் பேச முடியாததை இப்போது எழுதுகிறேன்.

அந்த ரவுண்ட்ஸ் மணிக்கு எத்தனையோ நாள் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். அப்போது வெளியேற்றப்படுகிறவர்கள் எங்கே போவார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வராந்தாவில் குடிதண்ணீர்த் தொட்டியிலிருந்து மாடிப்படி வரை நிற்கிறார்கள். என் பக்கத்தில் கதீஜம்மாள் என்றொரு அம்மாள், மகளுக்குத் துணையாக வந்தவர். என் கையைத் தொட்டு, “எங்க கட்டிலுகிட்ட நிக்கும்போது பெரிய டாக்டரு மொகம் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லு தாயி. எனக்கு அம்புட்டு தூரம் கண்ணு தெரியாது” என்றார். அவர்களுக்குக் கிடைக்கிற தகவல் அவ்வளவுதான். நான் பார்த்துச் சொன்னேன். சாதாரணமாக இருக்கிறது என்றேன். அவர் அதை வைத்துக்கொண்டு அன்று பூராவும் நிம்மதியாக இருந்தார்.

பிறகு நீங்கள் பதினொன்றுக்கு வந்தீர்கள். நீ ஆங்கிலத்தில் ஆரம்பித்தாய். சீஃப் கையைக் காட்டி நிறுத்தினார். “எனக்கில்ல. அவங்களுக்குச் சொல்லு. விட்டதை நான் சொல்லுதேன்” என்றார். நீ கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாய். நான் உட்கார்ந்த அதே இடம். என்ன நோய், எவ்வளவு எடுப்பார்கள், ஏன் எடுக்கிறார்கள், எடுத்தபின் என்ன நிச்சயம், என்ன நிச்சயமில்லை, எல்லாவற்றையும் சொன்னாய். சிஸ்டர் ஒருமுறை கூப்பிட்டார். நீ எழுந்திருக்கவில்லை. உன் குரல் எப்போதையும்விட உயர்ந்திருந்தது. பேச்சித்தாய் அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று உனக்குத் தெரியும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பவளுக்காகத்தான் என்று எனக்கு உடனே புரிந்தது.

அவள் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்: “பொறவு தார் சுத்தலாமா?” சீஃப், ஆறு மாதம் கழித்து, கை வீங்காமல் இருந்தால், என்றார். அவள் சரி என்றாள். கணவர் போட்ட கையெழுத்துக்குக் கீழே தானே ரேகை வைத்தாள்.

இப்போது வீட்டில் இருக்கிறாள். தையல் ஆறிவிட்டது. கையை இன்னும் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. சுவரில் விரலால் ஏறச் சொல்லி நீ கற்றுக்கொடுத்த பயிற்சியைச் செய்கிறாள். எட்டிய இடத்தில் அண்ணாச்சி கரியால் கோடு போடுகிறார். நேற்று கோடு சரியாக இல்லை என்று அவரைத் திட்டினாள். மே மாதத்துக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது என்று அவர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

டிஸ்சார்ஜ் அன்று நான் வண்டி பார்க்கப் போயிருந்தபோது நீ பொட்டலத்தைக் கொடுக்கப் போனதையும் அவள் வாங்க மறுத்ததையும் சொன்னாள். “அந்தப் பிள்ள கோட்டுலயே கெடக்கட்டும், அவ வந்து எடுத்துக்கிடட்டும்” என்றாளாமே.

முதல் கடிதத்தில் கோட்டை அனுப்பச் சொல்லியிருந்தேன். அனுப்ப வேண்டாம். ஆணியிலேயே இருக்கட்டும். நீ வேறு அறைக்கு மாறினால் ஆணியையும் பிடுங்கிக்கொண்டு போ.

வடிவு